துண்டு போட்ட இடம்

முதல் நாள்

சீனப் புத்தாண்டுக்கு எங்கள் கப்பல் பட்டறையை ஒரு வாரம் மூடிவிடுவார்கள். சிங்கப்பூருக்குப் போன இந்த 12 வருடத்தில் அந்த வாரத்தை ஜூரோங்கில் துணி துவைத்தும் தூங்கியுமே கழித்திருக்கிறேன். ஊருக்கு வருவதென்றால் பொங்கலுக்கு வருவேன், இல்லாவிட்டால் தீபாவளிக்கு. இந்தத் தடவை எப்படியோ டிக்கெட் அமைந்தது. வீட்டில் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டேன். அங்கேதான் தப்பு செய்தேன்.

திருச்சியில் இறங்கி, பஸ் பிடித்து, ராமநாதபுரம் வந்து சேர்ந்தபோது மதியம். தேவிபட்டினம் போகும் டவுன் பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் கமலா ஆரஞ்சு இரண்டு வாங்கினேன். சீனப் புத்தாண்டுக்கு ஒருவர் வீட்டுக்குப் போனால் இரண்டு ஆரஞ்சை இரண்டு கையாலும் பிடித்து நீட்ட வேண்டும். ஒன்றாகக் கொடுக்கக் கூடாது, ஜோடியாகத்தான் கொடுக்க வேண்டும். போன வாரம் மேலாளர் முதல் கேன்டீன்காரர் வரை எல்லோரிடமும் இப்படிக் கொடுத்து வாங்கிய பழக்கத்தில் கைக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை.

எங்கள் ஊர் தேவிபட்டினத்துக்குக் கொஞ்சம் வடக்கே இருக்கிறது. வீட்டு வாசலில் நின்றால் கடல் தெரியாது, வாசம் வரும். அம்மா திண்ணையில் புளி உடைத்துக்கொண்டிருந்தாள். நான் போய் நின்று, லேசாகக் குனிந்து, இரண்டு கையாலும் ஆரஞ்சை நீட்டினேன்.

அம்மா ஆரஞ்சையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். "யாருக்குப்பு ஒடம்பு சரியில்ல?"

நியாயமான கேள்விதான். எங்கள் பக்கம் ஆரஞ்சுப் பழம் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கிற பொருள்.

அப்பத்தா பெட்டியைத் திறக்கச் சொல்லிக் கோடாலித் தைலத்தை எண்ணி வாங்கிக்கொண்டாள். போன தடவை கொண்டுவந்த ஆறில் ஐந்து இன்னும் சீல் பிரிக்காமல் அவளுடைய மரப்பெட்டியில் இருக்கின்றன. ஆறாவது கல்யாண வீடு, துக்க வீடு எல்லாவற்றுக்கும் அவள் இடுப்பிலேயே போய் வருகிறது. யாராவது தலையைப் பிடித்தால் போதும், ஒரு சொட்டு.

இரண்டாம் நாள்

விடியற்காலை ஐந்தரைக்கே முழிப்பு வந்துவிட்டது. உடம்புக்கு அது எட்டு மணி.

வெளியே தண்ணீர் வண்டிச் சத்தம். குடம் குடமாகச் செருகிவைக்கக் குழி போட்ட அந்தத் தள்ளுவண்டியை இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு ஒரு விஷயம் மட்டும்: இங்கே சில வீடுகளில் மோட்டார் பைக் வாங்குவதற்கு முன்னால் இந்த வண்டியைத்தான் வாங்கியிருப்பார்கள்.

கப்பல் பட்டறையில் என் வேலை பாதுகாப்பு மேற்பார்வை. எங்கே போனாலும் கண் தானாகச் சோதனை போட ஆரம்பித்துவிடும். வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து, தண்ணீர் நிற்கிற பாத்திரங்களை எண்ணினேன். 37. அண்டா, குடம், வாளி, பெயின்ட் டப்பா, ஒரு பழைய வாஷிங் மெஷினின் வயிறு. ஜூரோங்கில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரச் சீன ஆன்ட்டி பூந்தொட்டிக்கு அடியிலிருக்கும் தட்டைத் தினமும் கவிழ்த்து வைப்பார். டெங்கி சோதனைக்கு அதிகாரிகள் டார்ச் லைட்டோடு வருவார்கள். கொசுப்புழு கண்ணில் பட்டால் அபராதம். அந்த அதிகாரிகளில் ஒருவரை எங்கள் வீட்டுக் கொல்லையில் கொண்டுவந்து நிறுத்தினால் அவர் அபராதம் போட மாட்டார், உட்கார்ந்து அழுவார்.

இதைச் சொன்னபோது அம்மா சிரிக்கவில்லை. "கவுத்து வச்சா எதக் குடிக்கிறது?" என்றாள். அவள் கணக்கில் தண்ணீர் மூன்று சாதி. குடிக்க ஊருணித் தண்ணீர். சமைக்கக் காவிரித் தண்ணீர், அது குழாயில் முறை வைத்து வரும், வராமலும் போகும். புழங்க அடிபம்புத் தண்ணீர். அதில் சோப்பு நுரைக்காது. ஒரு சாதிப் பாத்திரத்தில் இன்னொரு சாதித் தண்ணீரைப் பிடித்தால் வீட்டில் சண்டை.

அப்பத்தாவிடம் சிங்கப்பூர்த் தண்ணீர்க் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். அந்த அரசாங்கம் தன்னுடைய தண்ணீரை நாலு குழாய் என்று சொல்லும். நீர்த்தேக்கத்தில் பிடிக்கும் மழை ஒன்று. மலேசியாவின் ஜொகூரிலிருந்து வருவது ஒன்று, அதற்கு 1962இல் போட்ட ஒப்பந்தம் 2061 வரை இருக்கிறது. கடலைக் குடிநீராக்குவது ஒன்று.

"நாலு கொழாயா? ஊரு முச்சூடுக்குமா? நம்ம தெருவுக்கே ரெண்டு இருக்கேய்யா" என்றாள்.

நாலாவதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்து, மெல்லிய சவ்வுகளின் வழியாக வடிகட்டி, 2003லிருந்து நீவாட்டர் என்ற பெயரில் விடுகிறார்கள். பெரும்பாலும் தொழிற்சாலைகளுக்குத்தான் போகிறது, வறட்சிக் காலத்தில் நீர்த்தேக்கத்திலும் கலப்பார்கள் என்றேன். அப்பத்தா வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டாள். கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்தாள். பிறகு ஊருணித் தண்ணீர் ஒரு செம்பு கொண்டுவந்து, நான் முழுசாகக் குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றாள். உண்மையைச் சொல்ல வேண்டும், அந்தத் தண்ணீர் இனித்தது.

சாயங்காலம் டீக்கடைக்குப் போனேன். அங்கேதான் இரண்டாவது தப்பு நடந்தது.

சிங்கப்பூர்க் காப்பிக்கடையில் காப்பி கேட்பதற்குத் தனி இலக்கணம் உண்டு. வெறும் 'கோப்பி' என்றால் டின் பாலும் சீனியும் போட்டு வரும். 'கோப்பி ஓ' என்றால் பாலில்லாமல் சீனியோடு. 'கோப்பி சி' என்றால் இனிப்பில்லாத டின் பால். 'கோசோங்' சேர்த்தால் சீனி கிடையாது, 'சியு டாய்' என்றால் சீனி கம்மி, 'பெங்' என்றால் ஐஸ். மலாய், ஹொக்கியன், கான்டனீஸ் எல்லாம் ஒரே டம்ளருக்குள் இருக்கும். முதல் மாதம் நான் விவரம் தெரியாமல் 'காபி' என்று மட்டும் சொல்லிப் பாயசமாகக் குடித்தேன். இப்போது தூக்கத்தில் எழுப்பினாலும் 'சியு டாய்' என்பேன்.

அந்த வாய்தான் இங்கேயும் சொன்னது: "அண்ணே, ஒரு டீ, சீனி கம்மியா."

டீ ஆற்றிக்கொண்டிருந்த கை அந்தரத்தில் நின்றது. "சுகரா தம்பி?"

பெஞ்சில் இருந்த எல்லாத் தலைகளும் திரும்பின. ஒருவர் ஆவாரம்பூ என்றார். ஒருவர் வெந்தயத்தை ராத்திரியே ஊறவைக்கச் சொன்னார். மூன்றாமவர் பரமக்குடிப் பக்கம் ஒரு வைத்தியர் இருப்பதாகவும், போகும்போது தன் பெயரைச் சொல்லும்படியும் சொன்னார். எனக்குச் சுகர் இல்லை என்று நான் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. "ஆரம்பத்துல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாக." சிங்கப்பூரில் ஒரு நாளைக்கு நாலு தடவை 'சியு டாய்' சொல்கிறேன், ஒருவரும் என் கணையத்தைப் பற்றிக் கேட்டதில்லை.

நான் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி வந்து சேர்ந்திருந்தது.

மூன்றாம் நாள்

கீழக்கரைக்குப் போகலாம் என்று ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். பஸ் உள்ளே திரும்பும்போதே ஜன்னல் வழியாகத் துண்டு, மஞ்சப்பை, குடை, ஒரு குழந்தையின் செருப்பு எல்லாம் பறந்தன. ஒருவர் குழந்தையையே தூக்கி உள்ளே விட்டார். எல்லாம் சீட்டுப் பிடிக்க.

இதைப் பார்த்ததும் மேக்ஸ்வெல் உணவங்காடி நிலையம் ஞாபகம் வந்தது. சிங்கப்பூர் போன முதல் வாரம் வேலை பர்மிட் விஷயமாக அந்தப் பக்கம் போயிருந்தேன். மதிய நேரம், பயங்கரக் கூட்டம், ஆனால் ஒரு மேசை மட்டும் காலி. மேசைமேல் பிரிக்காத டிஷ்யூ பொட்டலம். ஆகா, என்ன உபசரிப்பு என்று உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்து முகம் துடைத்து, கை துடைத்து, மிச்சத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். எதிரே தட்டோடு ஒரு சீனப் பெண் வந்து நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள், சொல்லாமலே போய்விட்டாள். டிஷ்யூ வைத்தால் அந்த இடம் பிடித்தாகிவிட்டது, அதற்கு 'சோப்' என்று பெயர் என்பது ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. குடை, அலுவலக அடையாள அட்டை எதை வேண்டுமானாலும் வைப்பார்கள், ஒருவரும் தொட மாட்டார்கள். நம்முடைய துண்டுதான் அது. அங்கே வீசிப் போடுவது கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, பார்த்துவிடுவோம் என்று என் பையிலிருந்த டிஷ்யூ பொட்டலத்தை ஜன்னல் வழியாக ஒரு சீட்டில் போட்டேன். கூட்டத்தில் நெருக்கி ஏறிப் போய்ப் பார்த்தால், ஒரு பெரியவர் அங்கே உட்கார்ந்து டிஷ்யூவால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒங்களுதா தம்பி? ரொம்ப வாசமா இருக்கு" என்று எனக்கும் ஒன்று கொடுத்தார்.

12 வருடத்துக்கு முன்னால் அந்தச் சீனப் பெண் என்ன நினைத்திருப்பாள் என்பது திருப்புல்லாணி தாண்டுவதற்குள் நன்றாகப் புரிந்தது. பெரியவர் நல்ல மனுஷர். ஒதுங்கி, இரண்டு பேர் சீட்டில் என்னை மூன்றாவதாக உட்காரவைத்துக்கொண்டார். ஒரு தொடைக்கு இடம் கிடைத்தது.

கீழக்கரையில் சிங்கப்பூர் என்று சொன்னால் ஒருவரும் புருவம் உயர்த்துவதில்லை. "சிராங்கூன் ரோடா, ஜூரோங்கா?" என்று கேட்பார்கள். இந்தக் கரையிலிருந்து மரக்கலம் ஏறிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் 1826இல் தொடங்கிய சூலியா பள்ளிவாசலே சோழமண்டலக் கரைத் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பியதுதான். இங்கே பழைய ஜும்மா பள்ளியின் கல்தூண்களைப் பார்த்தால் ஏதோ கோயில் மண்டபத்தில் நிற்பதுபோல இருக்கிறது. வெயிலில் நடந்து வந்தவனுக்கு அந்தத் தூண்களின் குளிர்ச்சி ஒரு வரம்.

நான் போனது தொதலுக்காக. அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி மூன்றையும் அடுப்பில் ஏற்றி, எண்ணெய் பிரிந்து வரும்வரை மணிக்கணக்காகக் கிண்டி இறக்குவது. கையில் எடுத்தால் ஒட்டக் கூடாது, வாயில் போட்டால் சீக்கிரம் விடக் கூடாது. நோன்பு மாதத்தில் சிங்கப்பூரின் கேலாங் சிராய் சந்தையில் இதே பொருள் 'டோடோல்' என்று விற்கும். அவர்கள் பசையரிசி மாவும் தென்னஞ் சர்க்கரையும் போடுகிறார்கள், நம்முடையது பனை. பட்டறையில் என்னோடு வேலை பார்க்கும் மலாய் நண்பன், டோடோல் எங்களிடமிருந்துதான் உங்கள் ஊருக்கு வந்தது என்று அடித்துச் சொல்வான். கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் தராசிலிருந்து கண்ணை எடுக்காமலே, "இங்கேருந்து போனதுதான்னு சொல்லுங்க" என்றார். நான் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டேன். இரண்டு பக்கமும் எனக்குத் தொதல் வேண்டும்.

வீட்டுக்கு அரைக் கிலோ வாங்கி வந்தேன். அம்மா அதை வாங்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்துப் பூட்டிவிட்டாள். சுகர்.

நான்காம் நாள்

காலையில் மீன் வாங்கப் போனேன். சிங்கப்பூரில் மீன் விற்பவர், டாக்சி ஓட்டுபவர், மாடிப்படி கூட்டுபவர் எல்லோரும் அங்கிள், ஆன்ட்டிதான். அதே ஞாபகத்தில், "ஆன்ட்டி, இந்தக் கூறு எவ்வளவு?" என்று கேட்டுவிட்டேன். கூடைக்குப் பின்னாலிருந்து ஒரு நிமிஷம் பதிலே வரவில்லை. "யாருப்பு ஆன்ட்டி? ஒங்கம்மாகூட ஒண்ணா தண்ணிக்கு நடந்தவ நான். அத்தைன்னு கூப்புடு." கூப்பிட்டேன். கூறோடு நாலு நகரை மீன் சேர்த்துப் போட்டார்.

மத்தியானம் மேலவீட்டு அத்தையும் சின்னம்மாவும் என்னைப் பார்க்க வந்தார்கள். கையில் ஆரஞ்சுப் பழம்.

வேறொன்றும் நடக்கவில்லை. மீன் குழம்பு, தூக்கம்.

ஐந்தாம் நாள்

தனுஷ்கோடி. பாம்பனில் ரோட்டுப் பாலத்துக்கு மேல் பஸ் ஏறும்போதே டிரைவர் வேகத்தைக் குறைத்துவிட்டார். ரயில் வருகிறதாம். பாலத்தின் ஓரத்தில் ஏற்கெனவே கார்களும் வேன்களும் நின்றிருந்தன, ஒரு போலீஸ்காரர் எல்லோரையும் விரட்டிக்கொண்டே தானும் ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிங்கப்பூரில் வடகிழக்குப் பாதை ரயில் 2003லிருந்து டிரைவரே இல்லாமல் ஓடுகிறது. அதில் ஒருவர்கூட கைபேசியிலிருந்து தலையைத் தூக்கி நான் பார்த்ததில்லை. இங்கே 1914லிருந்து கடலுக்கு மேல் ரயில் போகிறது, இன்னும் பார்த்து முடியவில்லை. கப்பல் வந்தால் பழைய பாலத்தின் இரண்டு கைகளையும் ஆட்கள் நின்று கையால் சுற்றித்தான் தூக்குவார்கள் என்று பக்கத்து சீட்டு அண்ணன் சுற்றியே காட்டினார், முழங்கை என் விலாவில் பட்டது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் துண்டு ஒன்று மோட்டாரில் அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே போகிறது. அவருக்கு அதில் அவ்வளவு திருப்தி இல்லை. "கை வலிக்கணும்ல" என்றார்.

தனுஷ்கோடியில் கேலிக்கு அதிகம் இடமில்லை. 1964 டிசம்பர் புயல் விட்டுவைத்த தேவாலயச் சுவர்களுக்கு நடுவில் சங்கு மாலை விற்கிறார்கள், செல்ஃபி எடுக்கிறார்கள். ஒரு காலத்தில் எழும்பூரில் டிக்கெட் எடுத்து, இங்கே கப்பல் மாறி, தலைமன்னார் வழியாகக் கொழும்புக்குப் போயிருக்கிறார்கள். அந்த ரயிலின் பெயர் போட் மெயில். கப்பல் நின்று எத்தனையோ வருடமாகிவிட்டது, சென்னையிலிருந்து ராமேஸ்வரம் வரும் ரயிலுக்கு இன்றைக்கும் போட் மெயில் என்றுதான் பெயர்.

2017இல் போட்ட ரோட்டில் அரிச்சல்முனை வரை பஸ்ஸே போகிறது. வழியில் தேங்கிய நீரில் பூநாரைகள் ஒற்றைக் காலில் நின்றன. முனையில் நின்றால் ஒரு பக்கம் பெண் கடல், ஒரு பக்கம் ஆண் கடல். பாக் நீரிணைப் பக்கம் அலை மெல்ல வந்து போகும், மன்னார் வளைகுடாப் பக்கம் முட்டும். யார் பெயர் வைத்தார்களோ, அவர்கள் எங்கள் அப்பத்தாவைப் பார்த்ததில்லை.

சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில் ஒரு கடற்கரை உண்டு. கொண்டுவந்து கொட்டிய மணல், ஒரு கயிற்றுப் பாலம், அதைத் தாண்டினால் 'ஆசியக் கண்டத்தின் தென்கோடி முனை' என்று ஒரு பலகை. தீவு எப்படிக் கண்டமாகும் என்று கேட்காமல் எல்லோரும் படம் எடுத்துக்கொள்வார்கள். நானும் எடுத்திருக்கிறேன். அரிச்சல்முனையில் நிற்கும்போது என் சிங்கப்பூர் போன் திடீரென்று இலங்கைக்கு வரவேற்றது. ரோமிங் கட்டணமும் சொன்னது. பதறிப்போய் அணைத்தேன். மாலையானதும் போலீஸ் விசிலடித்து எல்லோரையும் திருப்பி அனுப்பிவிட்டது.

ஊரில் இறங்கியபோது இருட்டிவிட்டது. டீக்கடையில் கேட்டார்கள்: "ராமேஸ்வரம் போனீகளாமே, 22 தீர்த்தமும் ஆடினீகளா? எல்லா நோவும் போயிரும்."

ஆறாம் நாள்

நண்பன் பைக்கில் மண்டபம் பக்கம் முனைக்காட்டுக்குக் கூட்டிப்போனான். கரையில் மூங்கில் தெப்பங்கள், 12 அடிக்கு 12 அடி. அதில் கயிறு கட்டிக் கயிற்றில் கடற்பாசி கட்டிக் கடலில் மிதக்கவிட்டால் 45 நாளில் அறுக்கலாம். கட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் பெண்கள், பேச்சு நிற்கவில்லை, விரலும் நிற்கவில்லை. இதிலிருந்து எடுக்கும் சத்து ஐஸ்கிரீமை உருகி ஓடாமல் பிடித்துவைக்கப் போகிறது என்று ஓர் அக்கா சொன்னார். ஆர்ச்சர்ட் ரோட்டில் ரொட்டித் துண்டுக்குள் ஐஸ்கிரீமை மடித்துத் தரும் தாத்தாவைப் பற்றி அவரிடம் சொன்னேன். "ரொட்டிக்குள்ளயா?" என்று ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். சாக்கடைத் தண்ணீர் கதையை இங்கே எடுக்கவில்லை.

திரும்பி வந்தபோது வீட்டுத் திண்ணையில் ஆரஞ்சு 14. எண்ணினேன், இரட்டைப்படைதான். அந்தப் புத்தாண்டு இந்த ஊரில் இவ்வளவு மங்களமாக நடக்கும் என்று யார் கண்டது.

கொல்லையில் இன்னொன்றும் கண்டுபிடித்தேன்: காலி தண்ணீர் கேன்கள். அம்மாவிடம் கேட்டபோது குரலைத் தாழ்த்தினாள். வெளிநாட்டு வயிற்றுக்கு ஊருணித் தண்ணீர் சேருமோ சேராதோ என்று, வந்த அன்றே கேன் வாங்கி என் பானையில் ஊற்றி வைத்திருக்கிறாள். அப்பத்தா அன்றைக்கு மொண்டு வந்த இனிப்பான செம்பும் அந்தப் பானையிலிருந்துதான். "அதுக்குத் தெரிஞ்சா என்னையக் கொன்னுரும், சொல்லிராத."

ஏழாம் நாள், திருச்சி விமான நிலையம்

பெட்டியை மீன் தராசில் தொங்கவிட்டு நிறுத்தோம். கருவாடு, முண்டு மிளகாய், பூட்டைத் திறந்து அம்மாவே எடுத்துக் கொடுத்த தொதல். "கூட வேலை பாக்குறவுகளுக்குக் குடு, நீ தின்னுராத." எனக்குச் சுகர் இல்லை என்று கடைசியாக ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அப்பத்தா விபூதி பூசினாள்.

பஸ் ஏறும்போது அப்பத்தா ஒரு லிட்டர் பாட்டிலைக் கையில் திணித்தாள். அன்று காலையில் தானே ஊருணிக்கு நடந்து பிடித்து வந்தது, மூடியில் துணி சுற்றியிருந்தாள். "அந்தத் தண்ணியக் குடிக்கிறதுக்கு முந்தி இத ஒரு வாயாச்சும் குடிச்சுக்க ராசா."

பத்திரமாகப் பையில் வைத்து இங்கே வரை கொண்டுவந்துவிட்டேன். பாதுகாப்புச் சோதனையில் பை நின்றது. 100 மில்லிக்கு மேல் திரவம் உள்ளே போகாது, ஊற்றிவிட்டு வாருங்கள் என்று குப்பைத்தொட்டியைக் காட்டினார் காவலர். பட்டறையில் தினமும் காலையில் நூறு பேருக்கு விதிமுறை வாசிப்பவன் நான், வாதாடவில்லை. குடித்துக்கொள்ளலாமா என்று மட்டும் கேட்டேன். அவர் தோளைக் குலுக்கினார்.

வரிசையிலிருந்து ஒதுங்கி நின்று ஒரு லிட்டரையும் குடித்தேன். பின்னால் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லேசாக உப்புக் கரித்தது.